நடப்பு வழக்குகளைத் தேர்வுக்கு எப்படிப் படிப்பது?

உரிமையியல் நீதிபதி தேர்வுக்குத் தயாரானபோது எனக்கு மிகுந்த பயன் தந்த பழக்கம், ஒவ்வொரு புதிய தீர்ப்பையும் அதற்கு முந்தைய தீர்ப்போடு சேர்த்தே படித்ததுதான். செய்தியில் முடிவு மட்டும் வரும். நீதிமன்றத்தின் முன் இருந்த கேள்வி என்ன, அதற்கு முன்பு யார் என்ன விடை சொல்லியிருந்தார்கள் என்பவை தீர்ப்பில்தான் கிடைக்கும். தேர்வில் கேட்கப்படுவதும் பெரும்பாலும் அதுவே.

முத்திரைத்தாள் பிரச்சினையை எடுத்துக்கொள்ளுங்கள். உரிய முத்திரைக் கட்டணம் செலுத்தாத ஆவணத்தில் உள்ள நடுவர் ஒப்பந்தம் (தகராறை நீதிமன்றத்துக்குப் பதில் நடுவரிடம் விடும் உடன்பாடு) செல்லுமா என்ற கேள்விக்கு, என்.என். குளோபல் வழக்கில் 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, 3:2 என்ற பெரும்பான்மையில், செல்லாது என்றது. அதே ஆண்டு டிசம்பர் 13 அன்று ஏழு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, அத்தகைய ஆவணத்தைச் சாட்சியமாக ஏற்க இயலாதே தவிர ஒப்பந்தமே இல்லாமல் போய்விடாது, கட்டணம் செலுத்திக் குறையை நீக்கிக்கொள்ளலாம் என்று தீர்த்தது. முதல் தீர்ப்போடு குறிப்பேட்டை மூடி வைத்தவர், எட்டே மாதத்தில் தவறான விடையை மனப்பாடம் செய்தவராகிவிடுவார். ஆகவே வழக்கின் பெயருக்குப் பக்கத்தில் நாளையும் அமர்வின் எண்ணிக்கையையும் கட்டாயம் எழுதுங்கள்.

அரசியல் சாசனத்தில் இந்தக் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். தமிழ்நாட்டு ஆளுநர் நிறுத்திவைத்த 10 மசோதாக்கள் குறித்த வழக்கில், 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, முழு நீதி வழங்க அதற்குச் சிறப்பு அதிகாரம் தரும் பிரிவு 142-ஐப் பயன்படுத்தி அவற்றுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே அறிவித்ததோடு காலவரம்பும் வகுத்தது. பின்னர் குடியரசுத் தலைவர் பிரிவு 143-இன்கீழ் கேட்ட கேள்விகளுக்கு, நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, நீதிமன்றம் அப்படிக் காலவரம்பு விதிக்கவோ ஒப்புதல் கிடைத்ததாகக் கருதவோ முடியாது என்று கருத்துரைத்தது. பின்னது மேல்முறையீட்டுத் தீர்ப்பு அல்ல, ஆலோசனைக் கருத்து என்ற வேறுபாட்டை விடையில் தெளிவாக எழுத வேண்டும். நம் மாநிலத்தின் வழக்கு என்பதால் உணர்ச்சி கலந்துவிடுவது இயல்பு. விடைத்தாளில் அதற்கு இடமில்லை.

குற்றவியலில் தொல்லை வேறு வகை. 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டங்கள் நடைமுறைக்கு வந்துவிட்டதால், பழகிய எண்கள் வேறு பொருளில் நிற்கின்றன. தடை உத்தரவு என்றதும் நினைவுக்கு வந்த 144, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் ஜீவனாம்சப் பிரிவாகிவிட்டது. தடை உத்தரவு இப்போது 163. உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரமாக இருந்த 482, இன்று முன்ஜாமீனைக் குறிக்கிறது. அந்த அதிகாரம் 528-க்குச் சென்றுவிட்டது. குற்றம் நடந்த நாள் ஜூலை 1-க்கு முந்தையதானால் தண்டனைக்குப் பழைய தண்டனைச் சட்டமே பொருந்தும் என்பதால், வினாவில் தேதி இருந்தால் முதலில் அதன் கீழ் கோடிடுங்கள்.

சிறுபான்மைத் தீர்ப்பை ஒதுக்காதீர்கள். கனிம உரிமைத்தொகை (கனிமம் எடுப்பதற்காகச் செலுத்தும் ராயல்டி) வரி ஆகாது என்று 2024 ஜூலை 25 அன்று 8:1 என்ற விகிதத்தில் முடிவானபோது, தமிழ்நாட்டிலிருந்து சென்ற இந்தியா சிமெண்ட்ஸ் வழக்கின் 1989ஆம் ஆண்டுத் தீர்ப்பு மாற்றப்பட்டது. நீதிபதி நாகரத்னா மட்டும் மாறுபட்டார். அவருடைய காரணங்களைப் படித்த பிறகே பெரும்பான்மை எதை மறுத்து வாதிடுகிறது என்பது எனக்கு விளங்கியது. நேரம் குறைவாக இருந்தால் இரண்டு தரப்பிலும் முடிவுரைப் பத்திகளையாவது படித்துவிடுங்கள். ஒரு வழக்குக்கு ஒரு பக்கக் குறிப்பு போதும்.