எந்தத் தோட்டம், எந்த டிவிஷன்?

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் பாடித் தொலைந்துபோன பாட்டொன்றைத் தேடிக்கொண்டு எங்கள் வட்ஸ்அப் குழுவுக்கு வருகிறவரிடம் முதலில் எந்தத் தோட்டம், அதில் எந்த டிவிஷன் (உட்பிரிவு), மேட்டு லயமா பணிய லயமா (தொழிலாளர் குடியிருக்கும் மேல் வரிசை வீடுகளா, கீழ் வரிசை வீடுகளா) என்று கேட்போம். பாட்டின் வரியைக் கேட்பது அதற்குப் பிறகுதான். வருகிறவருக்குச் சற்று எரிச்சலாகத்தான் இருக்கும். அவர் மனத்தில் நாற்பது வருடமாக ஓடிக்கொண்டிருக்கும் மெட்டைப் பாடிக் காட்ட வந்திருப்பார். நாங்களோ கணக்கப்பிள்ளை பேர் பதிவதுபோல் விவரம் கேட்டுக்கொண்டிருப்போம். ஆனால் வரியை மட்டும் பிடித்துக்கொண்டு தேடி எதுவும் கிடைத்ததில்லை. தோட்டத்தின் பெயரைப் பிடித்துக்கொண்டு தேடியபோது ஆட்கள் கிடைத்திருக்கிறார்கள், சில வேளைகளில் கசெட்டும் கிடைத்திருக்கிறது.

உலகின் பிற பகுதிகளில் இந்த வேலை பெரிய அளவில் நடக்கிறது. தொலைந்த ஊடகங்களுக்கென்றே 2012இலிருந்து தனியாக ஒரு விக்கித் தளம் இயங்குகிறது. ஒளிபரப்பிய பின் அழிக்கப்பட்ட தொலைக்காட்சி நிகழ்ச்சி, சில தடவை மட்டும் போய் மறைந்த விளம்பரம், பிரதியே எஞ்சாத படம் என்று முன்பின் அறியாதவர்கள் ஒன்றுகூடித் தேடுகிறார்கள். அவர்கள் தேடியவற்றுள் அதிகம் பேசப்பட்டது ஜெர்மனியில் பதிவான ஒரு பாட்டு. 1984 அளவில் வட ஜெர்மனியின் என்டிஆர் வானொலியைக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு பையன் அதைக் கசெட்டில் பதிந்து வைத்தான்; பாட்டின் பெயரோ பாடியவர் பெயரோ நாடாவில் இல்லை. 2007இல் அவனுடைய சகோதரி அதில் ஒரு துண்டை இணையத்தில் ஏற்றினார். அதன்பின் ஆயிரக்கணக்கானோர் அதைக் கேட்டு, பாடகரின் உச்சரிப்பை ஆராய்ந்தார்கள். அதில் யமஹா டிஎக்ஸ்7 என்ற மின்னணு இசைக்கருவியின் ஒலி கேட்கிறது, அக்கருவி 1983இல்தான் சந்தைக்கு வந்தது, ஆகவே பாட்டு அதற்கு முந்தியதாக இருக்க முடியாது என்று காலத்தைக் குறுக்கினார்கள். முடிவில் 2024 நவம்பரில் விடை வெளியானது. வானொலி நடத்திய இசைப் போட்டிகளைப் பற்றிய பழைய பத்திரிகைச் செய்திகளைத் துழாவிய ஒருவர், கீல் நகரத்து ஃபெக்ஸ் என்ற குழுவின் பெயரைக் கண்டு, அதன் உறுப்பினர்களைத் தேடிப் பிடித்தார். 'சப்வேஸ் ஒவ் யுவர் மைண்ட்' என்ற அந்தப் பாட்டைத் தாங்கள்தான் பாடினோம் என்று அவர்கள் சொன்னார்கள். தங்களை உலகம் தேடிக்கொண்டிருந்த செய்தியே அவர்களுக்கு அதுவரை தெரியாது.

இந்தக் கதையைக் கேட்கிறவர்கள் இணையத்தின் வல்லமையை வியக்கிறார்கள். எனக்கு வியப்பாக இருப்பது உள்ளூர்ப் பத்திரிகைதான். பெயர்பெறாத ஓர் இளைஞர் குழு போட்டியில் கலந்துகொண்டதை நிருபர் ஒருவர் எழுதி, அதை அச்சிட்டு, அந்தத் தாளை யாரோ பாதுகாத்து வைத்திராவிட்டால், எத்தனை பேர் எத்தனை வருடம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டிருந்தாலும் பெயர் கிடைத்திருக்காது. நமக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறு. பொகவந்தலாவையிலோ இராகலையிலோ ஒரு தோட்டத்தில் மாசி மாதம், மன்மதன் எரிந்த கதையை ஆடும் காமன் கூத்து நடந்தால் அதைப் பற்றி எந்தப் பத்திரிகையும் ஒரு வரி எழுதியதில்லை. ஒலி எங்கோ ஒரு நாடாவில் இருக்கக்கூடும். அதற்குப் பெயர் சொல்லும் தாள்தான் இல்லை.

தாள் அறவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 1920களில் தொழிலாளரை அணிதிரட்டிய கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மாள் தோட்டம் தோட்டமாகச் சென்று பாடியவர். 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற அவருடைய பாட்டுப் பிரசுரம் 1940இல் வெளிவந்தது. மலையக எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை தோட்டங்களில் கேட்டு எழுதிவைத்தவை 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்ற தொகுப்பாயின. 2005 தைப்பொங்கலையொட்டித் தன்னார்வலர்கள் தொடங்கிய நூலகம் தளம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் திரட்டித் தருவதால், இப்படிப்பட்ட அச்சுச் சான்றுகளைத் தேடிக் கொழும்புக்கும் கண்டிக்கும் அலைகிற வேலை பெருமளவு குறைந்திருக்கிறது. அந்தக் காலத்துப் பாட்டுப் பிரசுரங்களில் பாட்டின் தலைப்பில், அப்போது எல்லோரும் அறிந்த வேறொரு பாட்டின் முதலடியைக் கொடுத்து, 'என்ற மெட்டு' என்று குறிப்பது வழக்கம். அந்த முதலடிக்குரிய இசைத்தட்டு அகப்பட்டுவிட்டால், பாடியவரின் குரல் எஞ்சாவிட்டாலும் பாட்டு எப்படி ஒலித்திருக்கும் என்று ஓரளவு பாடிப் பார்க்கலாம். இந்த வழியை எனக்குக் காட்டியவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர். பழைய இசைத்தட்டுச் சேகரிப்பாளர்கள் பலர் அதைக் கேட்டுச் சிரித்தார்கள், பிறகு அவர்களே இசைத்தட்டுகளைத் தேடித் தந்தார்கள்.

தேடுகிறவர்கள் நினைவில் வைக்கவேண்டிய இன்னொரு செய்தி உண்டு. பிறந்த இடத்தில் அழிந்தது, போன இடத்தில் பிழைத்திருக்கும். பிபிசி தன் 'டொக்டர் ஹூ' தொடரின் பழைய நாடாக்கள் பலவற்றை அழித்துவிட்டது. அவற்றுள் ஒன்பது பகுதிகள் நைஜீரியாவின் ஜோஸ் நகரத்துத் தொலைக்காட்சி நிலையத்தில் இருந்து மீண்ட செய்தி 2013இல் வெளிவந்தது. 1927இல் வெளியான 'மெட்ரோபொலிஸ்' என்ற ஜெர்மானியப் படத்தின் வெட்டப்பட்ட காட்சிகள் 2008இல் ஆர்ஜென்டினாவின் புவனஸ் அயர்ஸில் கிடைத்தன. வெளிநாட்டுக்கு அனுப்பிய பிரதியை அங்கே யாரும் தூக்கி எறியவில்லை, அவ்வளவுதான். நம்மூரிலிருந்து வெளியே போனவை படச்சுருள்கள் அல்ல, ஆட்கள். 1964 ஒக்டோபரில் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே செய்யப்பட்ட சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கையில் குடியுரிமை இல்லாதிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும் என்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றும் மனிதரைப் பங்கிட்டது. பிரிகிறவர்களின் அழுகையால் ஒப்பாரிக் கோச்சி என்று சொல்லப்பட்ட ரயிலில் ஏறித் தலைமன்னார் போய்க் கப்பலில் இராமேஸ்வரம் சேர்ந்தவர்களில் கணிசமானோர் நீலகிரியில் கோத்தகிரி, கூடலூர்ப் பக்கங்களில் மறுபடியும் தேயிலைத் தோட்டத்துக்கே போய்ச் சேர்ந்தார்கள். ஆகவே எழுபதுகளிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் இங்கே பதிவான ஒரு கசெட்டை ஹட்டனில் தேடுகிற அளவுக்குக் கோத்தகிரியிலும் தேடவேண்டும். எங்கள் குழுவில் நீலகிரிக்காரர்கள் சேர்ந்த பிறகுதான் தேடல் என்று சொல்லத்தக்க ஒன்று தொடங்கியது என்பேன்.

அப்படி வந்த ஒரு கசெட்டைப் பற்றிச் சொல்கிறேன். நாங்கள் தேடியது பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் நடந்த காமன் கூத்தின் லாவணி: காமன் எரிந்தான் என்று ஒரு கட்சியும் எரியவில்லை என்று மறு கட்சியும் விடிய விடியப் பாடிய வாதம். கோத்தகிரியிலிருந்து ஒரு பெண்மணி தன் தந்தையின் பெட்டியில் இருந்த கசெட்டைக் கண்டிக்கு வந்த உறவினரிடம் கொடுத்தனுப்பினார். அடுப்புக்கு மேலே பரணில் பல வருடம் கிடந்ததால் உறை புகையேறிக் கறுத்திருந்தது. ஆனால் பூஞ்சணம் துளியும் இல்லை. நுவரெலியாவில் கண்ணாடி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிக் காப்பாற்றிய கசெட்டுகள் வெள்ளை பூத்துப் பாழாகியிருப்பதைப் பார்த்த எனக்கு, புகைதான் சிறந்த காவலாளி என்று தோன்றிவிட்டது.

இப்படிப்பட்ட கசெட்டை ஆவலில் உடனே போட்டுக் கேட்பதுதான் எல்லோரும் செய்கிற காரியம், அதுவே கசெட்டுக்கு எமனும் ஆகிறது. நாடாவை ஒலித்தலையோடு சேர்த்து அழுத்துகிற சின்னக் கம்பளித் துண்டு பசை விட்டு விழுந்திருக்கும்; சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும்; மோட்டார் இழுத்த இழுப்பில் நாடா அறுந்துபோகும். முதலில் பேனாவைச் சக்கரத்தில் செருகிக் கையால் மெதுவாக ஒரு முறை முழுக்கச் சுற்றவேண்டும். பிறகு திருகாணி உள்ள வேறொரு கூட்டுக்குள் நாடாவை மாற்றவேண்டும். அதற்குப் பிறகுதான் இயக்கிக் கணினியில் ஏற்றலாம்.

ஏற்றிக் கேட்டபோது பாடியவர்கள் எல்லோரும் சிறுபிள்ளைக் குரலில் அவசர அவசரமாகப் பாடினார்கள். காரணம் எளிது. லயத்தில் அன்று மின்சாரம் கிடையாது. பெட்டரி தளர்ந்த டேப் ரெக்கார்டரில் நாடா மெதுவாக ஓடியிருக்கிறது, நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் என்ற சரியான வேகத்தில் இன்று ஓட்டினால் எல்லாம் விரைந்து கேட்கிறது. எவ்வளவு குறைக்கவேண்டும் என்பதற்கு ஓர் அளவுகோல் வேண்டுமல்லவா? பின்னணியில், தொலைவில், கோயில் ஒலிபெருக்கியில் ஒரு சினிமாப் பாட்டு மங்கலாக ஒலித்துக்கொண்டிருந்தது. அதன் மூல ஒலிப்பதிவின் சுருதியோடு ஒத்துப் பார்த்து வேகத்தைத் திருத்தினோம். இசைத்தட்டும் சற்று முன்பின்னாக ஓடியிருக்கலாம் என்பதால் இது துல்லியமான முறை அல்ல; ஆயினும் குரல்கள் ஆண்பிள்ளைக் குரல்களாகின. அந்தப் படம் வெளியான ஆண்டு 1980. எனவே கூத்து அதற்கு முன் நடந்திருக்க முடியாது. எங்களுக்குச் சொல்லப்பட்ட ஆண்டோ 1976. நாங்கள் தேடிய லாவணி அதுவல்ல என்பது இப்படித்தான் உறுதியாயிற்று. டிஎக்ஸ்7 கருவியைக் கேட்டு ஜெர்மானியப் பாட்டின் காலத்தைக் கணித்தவர்களின் முறையும் இதுவே.

தேடியது கிடைக்கவில்லை என்றாலும் கசெட் வீண்போகவில்லை. திருத்திய ஒலியைக் குழுவில் போட்டபோது, தலவாக்கலையில் இருக்கும் ஒரு மாமா குரல் செய்தி அனுப்பினார். "தம்பி, பாடுறது யாருன்னு எனக்கு வெளங்கல. ஆனா தப்பு அடிக்கிறது எங்க பெரியப்பாதான். அந்த ஒடிச்சு அடிக்கிற அடி வேற யாருக்கும் வராது." பாட்டைக் கண்டறிகிற செயலிகள் எல்லாம் தோற்ற இடம் இது. தப்புப் பறையில் கை அடிக்கிற அடியை வைத்து ஆளைச் சொல்லக்கூடியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் பேஸ்புக்கில் இல்லை. பேரப்பிள்ளையின் கைபேசியில்தான் அவர்களைப் பிடிக்கவேண்டும்.

இத்தகைய குழுக்களில் எனக்குப் பிடிக்காதவையும் உண்டு. விடையைவிடப் புதிரை விரும்புகிறவர்கள் எங்கும் இருக்கிறார்கள். பெயர் கிடைத்ததும் அவர்கள் ஆர்வம் வடிந்துவிடும். அந்த ஜெர்மானியப் பாட்டுக்குச் சம்பந்தமே இல்லாத எத்தனையோ இசைஞர்களைத் 'தாங்கள்தானே பாடினீர்கள்' என்று கேட்டுத் தொல்லை செய்தார்கள். நம்மவர்களிடம் வேறு விதமான வம்பு: எந்தப் பழைய ஒலியைப் போட்டாலும் 'அது எங்கள் தாத்தா பாடியது' என்று உரிமை கோர ஒருவர் வந்துவிடுவார், அடுத்த நிமிடம் இன்னொரு தோட்டத்துக்காரர் சண்டைக்கு நிற்பார். இப்போது செயற்கை நுண்ணறிவைக் கொண்டு 'பழைய தோட்டப் பாட்டு' செய்து ஏற்றுகிறவர்களும் கிளம்பியிருக்கிறார்கள். இரைச்சலும் கரகரப்பும் சேர்த்துவிட்டால் போதும், பகிர்வதற்கு ஆள் குறைவில்லை. கசெட்டின் படமும், அது யாரிடம் இருந்து வந்தது என்ற விவரமும் இல்லாத எந்த ஒலியையும் நாங்கள் பட்டியலில் சேர்ப்பதில்லை.

ஒப்பாரிக் கசெட்டுகளைப் பற்றி எங்களுக்குள் நீண்ட வாதம் நடந்தது. இந்தியாவுக்குப் போன பிள்ளைகளுக்கும், எண்பதுகளிலிருந்து மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போன பெண்களுக்கும், ஊரில் நடந்த சாவுவீட்டின் அழுகையைப் பதிந்து அனுப்பிய குடும்பங்கள் உண்டு. ஆய்வாளருக்கு அவை பொக்கிஷம். ஒப்பாரியில் வரும் ஊர்ப் பெயர்களும் உறவுமுறைகளும் வேறெங்கும் கிடைக்காதவை. ஆனால் அது ஒருத்தி தன் தாய்க்காக அழுத அழுகை. யூடியூப்பில் ஏற்றலாம் என்றவர்களின் காரணம் பொய்யல்ல. இருந்தும் நான் ஏற்றக்கூடாது என்ற பக்கத்தில்தான் நின்றேன், இன்றும் நிற்கிறேன். மின்வடிவாக்கி, விவரம் எழுதி, பிரதியைக் குடும்பத்திடம் கொடுப்பதோடு எங்கள் வேலை முடிகிறது. அழுதவர் உயிரோடிருந்து சம்மதித்தால் அது வேறு.

திரைப்படங்களைத் தேடுகிறவர்கள் வேறு குழுவினர். எனக்கு அதில் அனுபவம் குறைவு. மலையகத்தைச் சேர்ந்த வி. பி. கணேசன் தயாரித்து நடித்த 'புதிய காற்று' 1975இல் வந்தது. 1983 ஜூலையில் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டபோது பல படங்களின் மூலச் சுருள்கள் அழிந்தன. அதற்குப் பின் ஈழத்துப் படச்சுருள் தேடுவது என்பது தீயில் தப்பியதைத் தேடுவதாகவே ஆகிவிட்டது.

1976ஆம் ஆண்டு லாவணியை நாங்கள் இன்னும் விடவில்லை. அந்தக் கூத்தில் ரதி வேடம் கட்டியவர் கூடலூரில் இருப்பதாகச் செய்தி வந்திருக்கிறது. அவரிடம் கசெட் இருக்கிறதா என்று இப்போதைக்குக் கேட்கவேண்டாம் என்று குழுவில் முடிவு செய்திருக்கிறோம். மன்மதனாக ஆடியவர் யார், லாவணியில் எந்தக் கட்சிக்கு யார் பாடினார்கள், தப்பு யார், டேப் ரெக்கார்டர் யார் வீட்டது என்று பெயர்களை முதலில் எழுதி வாங்கவேண்டும். கோத்தகிரிப் பெண்மணி அடுத்த ஞாயிறு போய் அவரைப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். அந்தத் தோட்டத்து மூன்று டிவிஷன்களின் பெயர்ப் பட்டியலை, ஆட்கள் வழக்கமாகச் சொல்லும் பெயரும் கம்பனிப் பெயரும் அடுத்தடுத்து இருக்கும்படி எழுதி அவருக்கு அனுப்பியிருக்கிறேன்.