லத்தீன் கவிதைத் தாள்: நட்பும் துயரமும் கேள்வியாக வந்தால்

லத்தீன் இலக்கியம் எடுத்துப் படிப்பவர்கள் கவிதைத் தாளில் அடிக்கடி சந்திக்கும் கேள்வி ஒன்று உண்டு. ஒரு கவிதையை அச்சிட்டுக் கொடுத்து, இதில் உணர்ச்சி எப்படி வெளிப்படுகிறது என்று கேட்பார்கள். நான் படித்தபோது ரோமானியக் கவிஞர்கள் கட்டுல்லஸும் ஹோரஸும் பாடமாக இருந்தார்கள். ‘கவிஞர் ஆழ்ந்த சோகத்தில் இருக்கிறார்’, ‘நண்பன் மேல் அளவற்ற அன்பு’ என்றெல்லாம் எழுதினால் மதிப்பெண் நகராது. எனக்குக் கைகொடுத்தது ஒரு பழக்கம்தான்: இந்தக் கவிதை யாரிடம் பேசுகிறது, எந்தச் சந்தர்ப்பத்தில், என்ன கேட்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுவது. ரோமானியரின் நட்புக் கவிதைகள் பெரும்பாலும் ஓர் ஆளை நோக்கிப் பேசுபவை. விருந்துக்கு அழைப்பார்கள், ஊர் திரும்பியவரை வரவேற்பார்கள், துக்கம் விசாரிப்பார்கள், ஏன் கண்டுகொள்ளவில்லை என்று கோபிப்பார்கள். சந்தர்ப்பம் பிடிபட்டால், உணர்ச்சி எந்த இடத்தில் வழக்கமான மரியாதையைத் தாண்டுகிறது என்பதும் பிடிபடும்.

கட்டுல்லஸின் 50ஆம் கவிதையைப் பாருங்கள். நேற்று நானும் நீயும் ஓய்வாக உட்கார்ந்து, மதுவும் சிரிப்புமாக, என் எழுதுபலகையில் மாறி மாறிக் கவிதை எழுதி விளையாடினோமே என்று லிசினியஸ் கால்வஸிடம் சொல்கிறார். கால்வஸும் கவிஞர், பேர்பெற்ற பேச்சாளர். இதுவரை சாதாரணக் கடிதம். அப்புறம் நடப்பதுதான் முக்கியம். வீடு திரும்பியவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் வரவில்லை, எப்போது விடியும், உன்னோடு பேசலாம் என்று படுக்கையில் புரள்கிறார். காதலர்களுக்கென்றே கவிதையில் வைத்திருக்கும் அவஸ்தைகளை அப்படியே எடுத்து நண்பனுக்குக் கொடுத்துவிடுகிறார். கடைசியில், என் வேண்டுகோளைத் தள்ளினால் நெமெசிஸ் தெய்வம் உன்னைத் தண்டிக்கும் என்று செல்லமாக மிரட்டலும் உண்டு. விடையில் இந்த மூன்று கட்டங்களையும் தனித்தனியாகக் காட்டுங்கள். விளையாட்டும் ஏக்கமும் ஒரே மூச்சில் வருவதுதான் இந்தக் கவிதையின் அழகு. ஒன்றை மட்டும் சொன்னால் பாதிக் கவிதை போய்விடும்.

101ஆம் கவிதை அண்ணன் தம்பி உறவைப் பற்றியது. துயரம் என்று தலைப்பு வந்தால் இதைத் தவிர்க்கவே முடியாது. டிராய் நகரப் பகுதியில் புதைக்கப்பட்ட சகோதரனின் கல்லறைக்குக் கடல் கடந்து வந்து நின்று பேசுகிறார். கி.மு. 57இல் ஆளுநர் மெம்மியஸுடன் பித்தினியா (இன்றைய துருக்கியில் இருந்த ரோமானிய மாகாணம்) போன பயணத்தை ஒட்டியது என்று பலரும் கருதுகிறார்கள். வாழ்க்கைக் குறிப்புக்கு விடையில் ஒரு வரி போதும். மீதி நேரத்தைப் பத்து அடிகளுக்குக் கொடுங்கள். ‘ஃப்ராட்டர்’, அதாவது சகோதரா என்ற விளி 2, 6, 10ஆம் அடிகளில் வருகிறது. சரியாக நான்கு அடிக்கு ஒருமுறை. பதில் வராது என்று தெரிந்தே கூப்பிடுகிறார், ஏனென்றால் ஊமைச் சாம்பலோடு வீணாகப் பேசுகிறேன் என்று 4ஆம் அடியிலேயே சொல்லிவிட்டார். சடங்கு முன்னோர் வகுத்தபடி ஒழுங்காக நடக்கிறது. அதற்குள் அந்த விளி திரும்பத் திரும்ப வந்து நெஞ்சை அடைக்கிறது. கடைசியில் ‘அவே அட்க்வே வலே’ (வணக்கம், போய்வருக) என்று விடைகொடுக்கும் இடத்தை யாப்போடு வாய்விட்டுப் படியுங்கள். முதல் சொல்லின் கடைசி உயிர் அடுத்த சொல்லோடு கலந்து மறையும். வணக்கமும் விடைபெறுதலும் ஒட்டிக்கொண்டே வருகின்றன. இதைக் கண்ணால் படித்தால் பிடிக்க முடியாது. யாப்பை வாய்விட்டுப் படிக்கும் பழக்கத்தைத் தேர்வுக்கு வெகுமுன்பே தொடங்கச் சொல்வது இதற்காகத்தான்.

ஒப்பீட்டுக் கேள்விக்கு நான் பரிந்துரைப்பது கட்டுல்லஸ் 96, ஹோரஸின் ‘ஓட்ஸ்’ (Odes) என்ற பாடல் தொகுப்பின் முதல் புத்தகத்தில் 24. இரண்டும் ஒரு கவிஞர் இன்னொரு கவிஞருக்குச் சொல்லும் ஆறுதல். முதலாவதில் கால்வஸ் குவிண்டிலியா என்ற பெண்ணை இழந்திருக்கிறார். நம் துயரம் கல்லறைக்கு எட்டுமானால், அவள் தன் அகால மரணத்துக்கு வருந்துவதைவிட உன் அன்புக்கு மகிழ்வாள் என்கிறார் கட்டுல்லஸ். ஆறுதல் முழுவதும் அந்த ‘எட்டுமானால்’ மேல் நிற்கிறது. ஹோரஸ் அப்படி ஒரு வாசலைத் திறந்து வைப்பதில்லை. நண்பர் குவிண்டிலியஸ் இறந்ததற்கு வெர்ஜிலிடம் பேசும்போது, நீ புராண இசைஞன் ஓர்ஃபியஸைவிட இனிமையாக யாழ் மீட்டினாலும் இறந்தவரின் நிழலுக்கு ரத்தம் திரும்பாது என்று நேராகவே சொல்கிறார். கொடுமைதான், ஆனால் மாற்ற முடியாததைப் பொறுமை கொஞ்சம் இலேசாக்கும் என்று முடிக்கிறார். பலர் இதைக் கல்மனசு என்று எழுதுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இவ்வளவு அன்பான ஒருவருக்காக ஏங்குவதில் வெட்கம் என்ன, அளவு என்ன என்றுதானே கவிதை தொடங்குகிறது? அழ அனுமதி கொடுத்த பிறகுதான் பொறுமை வருகிறது. இந்த வரிசையைக் காட்டினால் விடை வலுவாக நிற்கும்.

ஹோரஸின் அதே தொகுப்பில் இரண்டாம் புத்தகம் 7ஆம் பாடலையும் பார்த்துவையுங்கள். கி.மு. 42இல் ஃபிலிப்பி போரில் தோற்ற பக்கத்தில் தன்னோடு கூட நின்ற நண்பர் பாம்பேயஸ் ஊர் திரும்பிய சந்தோஷம் அது.

நேரம் இருந்தால் கட்டுல்லஸின் 12ஐயும் சேருங்கள். விருந்தில் கைத்துணி திருடியவனை, திருப்பித் தராவிட்டால் முந்நூறு வசைக் கவிதை வரும் என்று திட்டுகிறார். விலைக்காக அல்ல, வெரானியஸும் ஃபாபுல்லஸும் ஸ்பெயினிலிருந்து அனுப்பிய பரிசு அது என்பதற்காக. நட்பு என்ற தலைப்பின் கீழ் இதைக் கொண்டுவருபவர்கள் குறைவு. அதனாலேயே திருத்துபவர் கண்ணில் படும். வெரானியஸ் ஊர் திரும்பியபோது பாடிய 9ஐ இதன் பக்கத்தில் வைத்துப் படித்தால், ஒரு துணிக்காக ஏன் இத்தனை ஆவேசம் என்பதற்கு உங்கள் கையில் ஆதாரமும் இருக்கும்.