பதிவறைக்கு ஒரு பொதுச் சொற்பட்டியல்

கிருஷ்ணகிரி வட்டத்தின் பழைய நிலக் கோப்பு ஒன்றைத் தேடுபவர், அது எந்த ஆண்டில் தொடங்கப்பட்டது என்பதை முதலில் கேட்டறிய வேண்டும். 1965 அக்டோபர் 2-க்கு முன்னர் என்றால் அது சேலம் மாவட்டக் கோப்பு. அதன் பின்னர் 2004 பிப்ரவரி 9 வரை தருமபுரி மாவட்டக் கோப்பு. அதற்கும் பிறகுதான் கிருஷ்ணகிரி. மாவட்டம் பிரியும்போது கட்டுகளைப் பிரித்து அனுப்பிவிடலாம். ஒவ்வோர் அலுவலகத்திலும் வேரூன்றிவிட்ட சொல்வழக்கை அப்படிப் பிரித்து ஒழுங்குசெய்ய யாரும் முனைந்ததில்லை. கோப்புகளை ஸ்கேன் செய்து கணினியில் தேடும் நிலை வந்துவிட்ட இக்காலத்தில் அந்தக் குறை பெரிதாகத் தெரிகிறது. முடிந்த கோப்புகளைக் காக்கும் பதிவறைகளுக்குப் பொதுவான ஒரு சொற்பட்டியல் வேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான்.

ஓர் அலுவலகத்தின் கணினிப் பட்டியலைப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. 'பொருள்' என்ற கட்டத்தில் ஒருவர் 'பட்டா மாறுதல்' என்றும், அடுத்தவர் 'பட்டா மாற்றம்' என்றும், இன்னொருவர் 'பட்டா பெயர் மாற்றம்' என்றும், வேறொருவர் வெறுமனே 'ப.மா.' என்றும் உள்ளிட்டிருந்தார்கள். இவற்றில் ஒன்றைத் தட்டச்சு செய்து தேடினால் மற்றவை திரைக்கு வருவதில்லை. தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தவருக்கு, அறையில் இருக்கும் கோப்பே கிடைக்கவில்லை என்று பதில் போய்விடும். 2005-ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் பதிவுருக்களை, அதாவது அலுவலக ஆவணங்களை, வகைப்படுத்தி அட்டவணையிட்டு வைக்குமாறு தன் 4-ஆம் பிரிவிலேயே கட்டளையிடுகிறது. சொல் ஒன்றுபடாமல் அட்டவணை எப்படிப் பயன்படும்?

அதற்காக எல்லாவற்றையும் ஒரே பெயரில் அடைத்துவிடுவதும் தவறு. ஒரு புலம் முழுதும் கைமாறும் முழுப்புலப் பட்டா மாறுதலுக்கும், அதன் ஒரு பகுதி மட்டும் பிரிந்து கைமாறும் உட்பிரிவுப் பட்டா மாறுதலுக்கும் நடைமுறை வேறு. பின்னதில் நில அளவர் புலத்தை அளந்து, வரைபடத்தையும் திருத்த வேண்டும். ஆகவே ஒன்றாக இருப்பவற்றை ஒரு சொல்லுக்குள் கொண்டுவருவதோடு, வேறாக இருப்பவற்றை வேறாகவே காப்பதும் தரப்படுத்தலின் வேலை. இந்த இரண்டாவது பாதியைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இதைவிட என்னைக் கவலைப்படுத்துவது கோப்பை முடிக்கும்போது இடப்படும் குறியீடு. நி.மு. என்றால் நிரந்தர முடிவு, ப.மு. பத்தாண்டு முடிவு, மூ.மு. மூன்றாண்டு முடிவு, ஓ.மு. ஓராண்டு முடிவு. ஒரு கோப்பு எவ்வளவு காலம் உயிரோடு இருக்கும் என்பதை இந்த ஈரெழுத்துகளே தீர்மானிக்கின்றன. மூத்த பணியாளர்கள் பத்தாண்டு முடிவை இன்றும் அதன் ஆங்கிலக் குறியீட்டால் 'டி.டிஸ்' (D.Dis.) என்றே சொல்வார்கள். அதனால் கேடில்லை, இரண்டும் ஒன்று என்று எழுதிவைத்திருந்தால் போதும். ஆனால் கணினியில் ஏற்றுபவர் இவை எதையும் அறியாமல் எல்லாவற்றுக்கும் 'முடிவுற்றது' என்று ஒரே சொல்லை இட்டுவிட்டால், எதைக் காக்க வேண்டும், எதை அழிக்கலாம் என்ற அறிவு அந்தக் கணமே தொலைந்துவிடுகிறது. ஒரு குடும்பத்தின் நில உரிமைக்கு ஆதாரமான தாள் அழிப்புக் கட்டில் சேர்வதற்கு அதுவே போதுமானது.

பாராமகால் என்று பெயர் பெற்ற இந்தப் பகுதி 1792-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தபோது, கம்பெனி அதிகாரிகளான அலெக்சாண்டர் ரீடும், தருமபுரியில் இருந்து பணியாற்றிய தாமஸ் மன்றோவும் நிலங்களை அளந்து தீர்வை நிர்ணயித்தார்கள். ஜமாபந்தி, சிட்டா போன்ற வருவாய்ச் சொற்கள் வழிவழியாக இன்றும் மக்கள் வாயில் இருக்கின்றன. கிராம வருவாய்க் கணக்குகளை ஆண்டுதோறும் சரிபார்க்கும் ஜமாபந்தியை அறிவிப்பில் 'வருவாய்த் தீர்வாயம்' என்று அச்சிட்டாலும் மனுவோடு வருபவர் ஜமாபந்திக்கு வந்ததாகவே சொல்கிறார். அவர் வாயில் வரும் சொல்லும் நம் சொற்பட்டியலில் இருக்க வேண்டும்.

தமிழ்நாடு அரசின் ஆட்சிச் சொல் அகராதி ஆங்கிலச் சொற்களுக்கு நிகரான தமிழ்ச் சொற்களைத் தந்து பெரும்பணி செய்திருக்கிறது. பதிவறைக்கு அதற்கு மேலும் ஒரு படி தேவைப்படுகிறது. பதிவுரு மேலாண்மைக்கென 2001-இல் வெளியாகி 2016-இல் திருத்தப்பட்ட ஐஎஸ்ஓ 15489 என்ற பன்னாட்டுத் தரநிலை, தான் கையாளும் கலைச்சொற்களுக்கு முதலிலேயே வரையறை தந்துவிடுகிறது. நமக்கும் அவ்வாறே ஒவ்வொரு சொல்லுக்கும் வரையறை, ஏற்கப்பட்ட ஒரு வடிவம், அதற்கு வழிகாட்டும் பிற வழக்குச் சொற்கள், காப்புக் காலம் ஆகிய நான்கும் வேண்டும். இதை மொழியறிஞர்களிடம் மட்டும் விட்டுவிடாமல், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரு மாவட்டங்களின் பதிவறை எழுத்தர்களும் கிராம நிர்வாக அலுவலர்களும் நில அளவர்களும் சேர்ந்து உட்கார்ந்து தொகுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மக்கள் அதிகம் தேடி வருவது பட்டா தொடர்பான கோப்புகளையே என்பதால், அந்தச் சொற்களிலிருந்தே தொடங்கலாம்.