கால் தேடும் அதிர்வு

பல வருஷம் பவர் ஹவுஸில் ஷிப்ட் பார்த்தவனுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்ளும். உள்ளே நுழைந்ததும் கால் தரையில் அதிர்வைத் தேடும். நயாகராவில், கனடா பக்கம் இருக்கும் பழைய நீர்மின் நிலையத்துக்குள் போனபோதும் என் கால் அதைத்தான் தேடியது. தரை சும்மா கிடந்தது.

1905-ல் ஓடத் தொடங்கி 2006-ல் நின்ற நிலையம். எந்திரம் கெட்டுப்போய் மூடவில்லை. அதே தண்ணீரை ஆற்றின் கீழ்ப்பக்கம் இருக்கும் ஆதாம் பெக் நிலையங்களுக்குக் கொண்டுபோனால் விழும் உயரம் கூடுகிறது, மின்சாரமும் கூடுகிறது. 2021-ல் இதை அருங்காட்சியகமாகத் திறந்தார்கள்.

மேல் கூடத்தில் நீல நிற ஜெனரேட்டர்கள் 11, வரிசையாக நிற்கின்றன. நடுவில் ஒரு தூண் கிடையாது. வந்தவர்கள் அண்ணாந்து பார்த்து வியந்தார்கள். அழகுக்காகக் கட்டியது இல்லை அது. ஜெனரேட்டருக்குள் சுழலும் பாகமான ரோட்டரைத் தூக்கிக்கொண்டு கிரேன் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஓட வேண்டும். அப்படிக் காலியாக விட்ட இடம் பிறகு எதற்கும் பொருந்திவிடுகிறது.

நார்வேயின் வெமோர்க் நீர்மின் நிலையமும் 1971-ல் நின்று இப்போது அருங்காட்சியகம்தான். அங்கே தண்ணீர் சுழற்றும் டர்பைனும் ஜெனரேட்டரும் ஒரே தளம். கூடத்தைக் காட்டினால் போதும். நயாகராவில் டர்பைன்கள் குழிக்குள், ஆழத்தில். நீளமான தண்டு ஒன்று மேலே வந்து ஜெனரேட்டரைச் சுழற்றும். கூடத்தை மட்டும் பார்த்துத் திரும்புகிறவர் பாதி நிலையத்தைத்தான் பார்த்திருப்பார்.

2022-ல் அந்த மீதியையும் திறந்துவிட்டார்கள். கண்ணாடி லிஃப்டில் 55 மீட்டர் இறங்கி, டர்பைனைச் சுழற்றிவிட்டுத் தண்ணீர் வெளியேறிய 670 மீட்டர் சுரங்கத்தில் நடக்கலாம். என் வேலைக் காலத்தில் அப்படி ஒரு வழியில் ஆள் இறங்க வேண்டுமென்றால் எந்திரத்தை நிறுத்த ஷட் டவுன் வாங்கி, தண்ணீரை அடைக்கும் கேட்டை இறக்கி, தண்ணீரை வடித்து, அப்புறமும் பயந்து பயந்துதான் இறங்குவோம். இங்கே குழந்தைகள் ஓடிப்பிடித்து விளையாடினார்கள். எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது. சுரங்கம் முடியும் இடத்தில் ஆறு, பக்கத்தில் அருவி.

அதே கரையில் டொரண்டோ பவர் நிலையம் இருக்கிறது. 1974-ல் மூடியது. அதை ஹோட்டலாக்கத் திட்டம் போட்டிருக்கிறார்கள். கூடத்தில் வரவேற்பறை வரும், சாப்பாட்டு மேஜை வரும், சரி. அடியில் இருக்கும் குழியை என்ன செய்யப்போகிறார்கள்?