சமையல் மேடையிலிருந்து தரைக்கு: ஒரு தண்டால் எடுக்க 12 வாரம்

தண்டால் (புஷ்-அப்) வரவே மாட்டேன் என்கிறது என்பவர்களில் பலர் முதல் நாளே தரையில் படுத்துத் தொடங்கியவர்கள். 60 கிலோ எடையுள்ள ஒருவர் தரையில் தண்டால் எடுக்கும்போது கைகள் தாங்குவது உடல் எடையில் ஏறக்குறைய 64 சதவீதம், அதாவது 38 கிலோ. கைகளை 30 செ.மீ. உயரத்தில் ஊன்றினால் அது 55 சதவீதம், 60 செ.மீ. உயரத்தில் 41 சதவீதம். கிலோவில் சொன்னால் 33, 25. தரையில் ஒன்றே ஒன்று எடுத்தாலும் பாரம் அதே 38தான். அதனால் புதிதாகத் தொடங்குபவர் கையை உயரத்தில் ஊன்றிப் பாரத்தைக் குறைக்க வேண்டும்; எண்ணிக்கையைக் குறைத்துப் பயனில்லை.

தரையில் ஒன்றுகூட வராத, 60 கிலோ எடையுள்ள ஒருவர் 12 வாரம் செய்து பார்த்த கணக்கு இது. திங்கள், புதன், வெள்ளி. நாளுக்கு 3 செட் (நடுவே நிறுத்தாமல் தொடர்ந்து எடுப்பது ஒரு செட்). செட்டுக்கு நடுவே 90 விநாடி ஓய்வு. 3 செட்டிலும் 12 வந்து, அடுத்த முறையும் 12 வந்தால்தான் உயரத்தைக் குறைப்பது. இன்னும் இரண்டு வரும் என்ற நிலையிலேயே ஒவ்வொரு செட்டையும் நிறுத்துவது.

வாரம் 1–2. சமையல் மேடை, 85 செ.மீ. முதல் நாள் 8, 8, 7. மேடை விளிம்பில் உள்ளங்கை, தோள் அகலத்தைவிடச் சற்றுத் தள்ளி. நெஞ்சு விளிம்பைத் தொட வேண்டும்; தொடாதது கணக்கில் சேராது. டைல்ஸ் தரையில் காலுறையோடு நின்றால் வழுக்கும், வெறுங்காலே நல்லது. மறுநாளும் அதற்கடுத்த நாளும் நெஞ்சுத் தசை வலிக்கும். அது தானே போய்விடும். தோள் மூட்டின் முன்பக்கம் சுரீர் என்று குத்தினால் மட்டும் கவனிக்க வேண்டும். அதற்குப் பெரும்பாலும் காரணம் முழங்கை பக்கவாட்டில் விரிவதுதான். மேலிருந்து பார்த்தால் கைகளும் உடம்பும் சேர்ந்து ‘T’ போலத் தெரியக் கூடாது, அம்புமுனை போலத் தெரிய வேண்டும். விலாவுக்கும் மேல்கைக்கும் நடுவே சுமார் 45 டிகிரி.

வாரம் 3–4. மாடிப்படியில் நான்காம் படி, ஏறக்குறைய 68 செ.மீ. 12-லிருந்து 8, 7, 6 என்று இறங்கியது. உயரம் குறைந்தால் எண்ணிக்கையும் குறையத்தான் செய்யும், அதைப் பின்னடைவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எல்லா உயரத்தையும் மாடிப்படியிலேயே முடித்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் மூன்றாம் படிக்குக் கீழே உடம்பின் சாய்வு படிக்கட்டின் சாய்வைவிடக் குறைந்துவிடுவதால் இறங்கும்போது முகம் மேல்படியில் இடிக்கும். இடிக்காமல் இருக்கத் தலையைத் தூக்கினால் கழுத்து பிடித்துக்கொள்ளும். அதனால் இங்கிருந்து இடம் மாற வேண்டும்.

வாரம் 5–7. கட்டில் சட்டம், 45 செ.மீ. கட்டிலின் மறுபக்கம் சுவரோடு ஒட்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் தள்ளிக்கொண்டு போகும். பிளாஸ்டிக் நாற்காலி எக்காரணம் கொண்டும் வேண்டாம். அதிக நாள் தேங்கிய இடம் இதுதான்: ஐந்து நாள் தொடர்ந்து 9, 8, 8. பக்கவாட்டில் போனை வைத்து வீடியோ எடுத்துப் பார்த்ததில் காரணம் தெரிந்தது. ஆறாவது தடவையிலிருந்து இடுப்பு தொய்ந்து, நெஞ்சுக்கு முன்னால் வயிறு இறங்கிக்கொண்டிருந்தது. கைக்கு வலு போதவில்லை என்று நினைத்ததெல்லாம் நடு உடம்பின் தளர்ச்சி. பிட்டத்தை இறுக்கி, யாரோ வயிற்றில் குத்த வருவதுபோல வயிற்றைக் கெட்டியாக்கி எடுத்ததில் முதலில் 6 ஆகக் குறைந்து, ஒரு வாரத்தில் 11 ஆனது.

முழங்காலை ஊன்றி எடுப்பதை எளிய வழியாகச் சொல்வார்கள். அதில் கைக்கு வரும் பாரம் 49 சதவீதம், ஏறக்குறைய கட்டில் சட்ட அளவுதான். ஆனால் நடு உடம்புக்கு வேலை குறைந்துவிடுகிறது. வரிசையில் அதைச் சேர்க்காததற்கு இதுதான் காரணம். பயில்வான்கள் எடுக்கும், இடுப்பை உயர்த்தி முன்னால் பாய்ந்து எழும் பழைய தண்டாலும் இந்தக் கட்டத்துக்கு வேண்டாம். தோளுக்கு அது பெரிய வேலை.

வாரம் 8–9. வாசல்படி, 30 செ.மீ. மணிக்கட்டு வலி தொடங்கியது. உயரம் குறையக் குறைய மணிக்கட்டு அதிகமாகப் பின்னால் மடங்கும். ஒரு துண்டை இரண்டு விரல் தடிமனுக்கு மடித்து, விரல்களுக்கு அடியில் போகாமல் உள்ளங்கையின் அடிப்பகுதிக்கு மட்டும் வைத்தால் அந்த மடிப்பு குறைகிறது. அதோடு வலி போய்விட்டது.

வாரம் 10–11. கைக்கு ஒன்றாக இரண்டு சாலிட் பிளாக் (சுவர் கட்டும் சிமென்ட் கல்), படுக்க வைத்து, 15 செ.மீ. இதனோடு தரையில் ‘இறங்குதல்’ மட்டும்: ஐந்து எண்ணிக்கையில் மெதுவாக இறங்கி, முழங்காலை ஊன்றி எழுவது, 4 தடவை. தூக்க முடியாத பாரத்தையும் இறக்க முடியும். அந்த வலு தூக்குவதற்கும் வந்து சேர்கிறது. மூன்று எண்ணிக்கைக்குள் தொப்பென்று விழுந்தால் அன்றைக்கு அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

தள்ளும் பயிற்சி மட்டும் செய்தால் தோள் முன்னால் வளையலாம் என்பதால் இழுப்பதும் அதே நாட்களில் நடந்தது. கிழியாத நாலு முழ வேட்டியை முறுக்கித் தூணைச் சுற்றிப் போட்டு, இரு முனையையும் பிடித்துப் பின்னால் சாய்ந்து, நெஞ்சைத் தூணை நோக்கி இழுப்பது. பாதம் தூணுக்கு நெருங்க நெருங்கக் கடினம். ஒவ்வொரு வாரமும் அரை அடி நெருங்கினால் போதும். ஜன்னல் கம்பியில் கட்டலாமா என்றால், கம்பி சுவருக்குள் பதிந்திருந்தால் மட்டும்.

காலுக்கு நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, 3 செட், பத்துப் பத்து. கடைசி நாலு விரல்கடை உயரத்தில் உடம்பைப் போட்டுவிடாமல் மூன்று எண்ணி இறங்க வேண்டும். குதிகால் தூக்கிக்கொண்டால் அடியில் 2 செ.மீ. பலகை. முட்டி உள்பக்கம் சாய்ந்தால் இரண்டாம் கால்விரலைப் பார்த்தபடி வெளியே தள்ளுங்கள். இதில் பிரச்சினை எதுவும் வரவில்லை.

வாரம் 12, வெள்ளி. தரையில் மூன்று. மூன்றாவதில் இடுப்பு தொய்ந்ததால் கணக்கு இரண்டு. அடுத்த திங்கள் முதல் தரையில் 2, பிறகு சாலிட் பிளாக்கில் 10, 10.