குளோரின் இருக்கு, வேலை செய்யுதா?

வடசென்னையில் திருவொற்றியூரிலிருந்து திரு.வி.க. நகர் வரை, நீச்சல் குளம் நடத்துகிறவர்கள் சுகாதார அனுமதி என்றதும் முதலில் ஃபைலைத்தான் தேடுகிறார்கள். என்னென்ன தாள் வேண்டும் என்று மண்டல அலுவலகத்தில் கேட்டாலே தெரிந்துவிடும். மாட்டிக்கொள்வது தண்ணீரில். அதிலும் யாரும் கண்டுகொள்ளாத பி.எச்.சில், அதாவது தண்ணீரின் அமில-கார அளவில்.

முதலில் குளோரின் கணக்கு. 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், சராசரி 1.2 மீட்டர் ஆழம் என்றால் 2,40,000 லிட்டர். 1 பிபிஎம் (லிட்டருக்கு 1 மில்லிகிராம்) ஏற்ற 240 கிராம் குளோரின் வேண்டும். 30 சதவீத பிளீச்சிங் பவுடரில் அது 800 கிராம். 65 சதவீத கால்சியம் ஹைப்போகுளோரைட்டில் சுமார் 370 கிராம். மூட்டை புதிதாக இருந்தால்தான் இந்தக் கணக்கு. பம்ப் ரூம் மூலையில் வாய் பிரிந்து கிடப்பது கடற்காற்றின் ஈரத்தில் வீரியம் போய்க் கட்டிதட்டியிருக்கும்.

இந்தப் பக்கத்து போர் தண்ணீர் பல இடங்களில் உப்பும் கடினமும். மீஞ்சூர் வட்டாரத்தில் கடல்நீர் நிலத்தடியில் ஏறத் தொடங்கியது 1960களிலேயே. அந்தத் தண்ணீரில் சுண்ணாம்பு கலந்த பிளீச்சிங் பவுடரைத் தினமும் போட்டால் பி.எச். மெல்ல 8ஐத் தாண்டும். 7.5இல் குளோரினில் ஏறக்குறைய பாதி கிருமியைக் கொல்லும் வடிவில் இருக்கும்; 8இல் கால்வாசிகூடத் தேறாது. காகிதத்தில் 2 பிபிஎம், குளத்தில் பாசி. 7.2க்கும் 7.6க்கும் நடுவே நிறுத்துங்கள். இறக்குவதற்கு ஆசிட்: வாளித் தண்ணீரில் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக் கூடாது. பிளீச்சிங் கலக்கிய வாளியை இதற்குத் தொடவே கூடாது, விஷவாயு கிளம்பும். ஆள் யாரும் இறங்காத நேரத்தில், பம்ப் ஓட ஓட, ஆழமான பக்கத்தில் கொஞ்சம் கொஞ்சமாக.

குளோரினைச் சோதிக்க, மஞ்சள் நிறம் காட்டும் ஓ.டி.ஓ. சொட்டு மருந்து மொத்தக் குளோரினைத்தான் காட்டும். வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து செத்துப்போன குளோரினும் அதில் அடக்கம். கண் எரிச்சலும் 'குளோரின் நாத்தம்' என்கிறோமே, அதுவும் அந்தச் சேர்ந்த வகையின் வேலை. டி.பி.டி. 1 என்ற சோதனை மாத்திரை தண்ணீரை இளஞ்சிவப்பாக்கி உயிருள்ள குளோரினைச் சொல்லும், டி.பி.டி. 3 மாத்திரையையும் சேர்த்தால் மொத்தம். அதிலும் ஒரு ஏமாற்று உண்டு: குளோரின் எக்கச்சக்கமாக இருந்தால் இளஞ்சிவப்பு வெளுத்துப் போய் 'இல்லை' என்று காட்டும். ஆபரேட்டர் இன்னும் அரை மூட்டை போடுவார். சந்தேகம் வந்தால் குளோரின் இல்லாத தண்ணீரில் பாதிக்குப் பாதி கலந்து மறுபடி பாருங்கள்.

ஃபில்டரைப் பற்றி ஒன்றே ஒன்று. பேக்வாஷ் (தண்ணீரைத் தலைகீழாக ஓட்டி ஃபில்டரைக் கழுவுவது) முடித்ததும் அழுத்தமானி காட்டுவதைக் குறித்துவைத்து, அதிலிருந்து அரை பார் ஏறினால் மறுபடி பேக்வாஷ். கரையில் நின்று பார்த்தால் அடிவடிகால் மூடி தெளிவாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அன்றைக்கு ஆளை இறக்காதீர்கள்.

கிருமிச் சோதனைக்கு லேப் தரும் பாட்டிலில் சோடியம் தயோசல்ஃபேட் இருக்கும். தூசி என்று நினைத்து அலசிவிடாதீர்கள். அது போனால் பாட்டிலுக்குள்ளேயே குளோரின் கிருமியைக் கொன்றுகொண்டிருக்கும், முடிவு பொய்யாகச் சுத்தம் என்று வரும். கூட்டம் இருக்கும்போது, முழங்கை ஆழத்தில் மொண்டு, கொஞ்சம் காலி விட்டு மூடி, ஐஸ் பெட்டியில் வைத்து 6 மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும். விடியற்காலையில் புதுசாக மருந்து போட்டுவிட்டு மொண்ட தண்ணீர் எதையும் சொல்லாது.

தினசரி அளவுகளை எழுதும் லாக் புக்கை மறக்க வேண்டாம். மே மாதம் முழுக்க ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில், பி.எச். 7.4, குளோரின் 2.0 என்று முப்பத்தொரு வரி. ஞாயிறு சாயங்காலம் கூட்டம் அள்ளியபோதும் அதே 2.0. பார்க்க வருகிறவர் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவார்.