புதுக் காரில் குறை இருந்தால் டீலரிடம் எப்படிப் பேசுவது: எல்லாம் ஜாப் கார்டில்தான் இருக்கிறது

புது வண்டியில் ஏதோ ஒரு சத்தம். ஷோரூமுக்குப் போன் போட்டால் "கொண்டு வாங்க, பார்த்துரலாம்" என்கிறார்கள். காலையில் விட்டால் மாலையில் கழுவித் துடைத்துப் பளபளவென்று திருப்பித் தருகிறார்கள். அடுத்த நாள் அதே சத்தம். மறுபடி போனால் "போன தடவையே பார்த்தோமே, ஒண்ணும் இல்லையே" என்று பதில் வரும். இப்படி அலைந்தே வாரண்டிக் காலத்தில் பாதியைத் தொலைத்தவர்கள் நிறையப் பேர். குரலை உயர்த்தினால் வேலை நடக்கும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் வேலை நடக்குமா நடக்காதா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது, வண்டியை உள்ளே விடும்போது போடுகிற ஜாப் கார்டுதான், அதாவது நீங்கள் சொன்ன குறையையும் அவர்கள் செய்த வேலையையும் பதிவு செய்யும் சீட்டு.

ஏன் என்று புரிய, டீலருக்குக் காசு எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். வாரண்டி வேலைக்கு உங்களிடம் பணம் வாங்க முடியாது. கார் கம்பெனியிடம் கேட்டு வாங்க வேண்டும். எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் என்று கம்பெனி முன்பே கணக்குப் போட்டு வைத்திருக்கும். ஒரு பாகத்தை மாற்றினால் அந்தக் கணக்குப்படி கூலி வரும். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று மெக்கானிக் 3 மணி நேரம் தேடினால், அந்த நேரத்துக்கு முழுக் கூலி வருவது அரிது. கழற்றிய பழைய பாகத்தைக் கம்பெனி திருப்பிக் கேட்டுச் சோதிக்கும். அதில் குறை இல்லையென்றால் கொடுத்த பணத்தைப் பிடித்துக்கொள்ளவும் செய்யும். ஆகவே தன் காதால் கேட்காத சத்தத்துக்கு எந்த மெக்கானிக்கும் பாகம் மாற்ற மாட்டார். குறையை அவர் கண் முன்னால் வரவழைக்கிற வழியை நீங்கள் கொடுத்தால், அவருக்கும் வேலை சுலபம், உங்களுக்கும் வண்டி சரியாகும்.

வண்டியை வாங்கிக்கொள்ளும் சர்வீஸ் அட்வைசர் கம்ப்யூட்டரில் "ஜெனரல் செக்கப்" என்றோ "முன்பக்கம் சத்தம்" என்றோ அடித்துவிட்டுக் கையெழுத்து கேட்பார். போடாதீர்கள். "இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் 2, 3 வினாடி என்ஜினில் கடகட சத்தம். என்ஜின் சூடான பிறகு வருவதில்லை. தினமும் வருகிறது" என்று உங்கள் வார்த்தையிலேயே எழுதச் சொல்லுங்கள். எந்த வேகத்தில், எந்த கியரில், பிரேக் போடும்போதா, திருப்பும்போதா, ஏசி ஓடும்போதா, எத்தனை கிலோமீட்டர் ஓடிய பிறகு என்பதெல்லாம் அந்த ஒரு வரியில் இருக்க வேண்டும். இது போன்ற குளிர் ஸ்டார்ட் சத்தத்துக்கு வண்டியை முந்தின நாள் மாலையே அங்கே விட வேண்டும். அதோடு, மெக்கானிக் வருவதற்கு முன் யாரும் ஸ்டார்ட் செய்யக் கூடாது என்றும் எழுத வையுங்கள். காலையில் யார்டில் இடம் மாற்றுவதற்காக வாட்ச்மேன் ஒரு தடவை ஸ்டார்ட் செய்துவிட்டால் அன்றைய சோதனை போச்சு.

அறிகுறியை மட்டும் சொல்லுங்கள், வைத்தியத்தைச் சொல்லாதீர்கள். "கிளட்ச் மாற்றவும்" என்று எழுதினால் கிளட்சைப் பார்ப்பார்கள், நன்றாக இருக்கிறது என்று கார்டை மூடுவார்கள். குறை வேறு இடத்தில் இருந்தாலும் அவர்கள் மேல் தப்புச் சொல்ல முடியாது.

அறிகுறியைச் சொல்லும் முன் நீங்களே கொஞ்சம் பிரித்துப் பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. அதிர்வு என்றால் முதலில் எங்கே தெரிகிறது என்று கவனியுங்கள். ஸ்டியரிங்கில் தெரிந்தால் பெரும்பாலும் முன் சக்கரம், சீட்டிலும் தரையிலும் தெரிந்தால் பின் சக்கரம். சுமார் 80 முதல் 110 கிலோமீட்டர் வேகத்துக்குள் வந்து, அதைத் தாண்டினால் குறைவது வீல் பேலன்ஸ் பிரச்சினையின் வழக்கமான அடையாளம். பிரேக் மிதிக்கும்போது மட்டும் அதிர்ந்தால் டிஸ்க்கைப் பார்க்க வேண்டும். ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது அதிர்ந்து, காலை எடுத்ததும் நின்றால் சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட் அல்லது என்ஜினைத் தாங்கும் மவுண்ட். புறப்பட்ட முதல் 15, 20 நிமிடம் தடதடவென்று ஓடி, டயர் சூடானதும் சரியாகிவிட்டால், வண்டி மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றதால் டயரின் அடிப்பகுதி தட்டையாகியிருக்கிறது. சில நாள் ஓட்டினால் சரியாகிவிடும். சரியாகவில்லை என்றால் டயரையே மாற்றக் கேளுங்கள். டயருக்கும் பேட்டரிக்கும் வாரண்டி பல இடங்களில் அந்தந்தத் தயாரிப்பாளர் கையில் இருக்கும். கிளைம் போடுவது டீலரா நீங்களா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.

வண்டி ஒரு பக்கம் இழுத்தால் உடனே அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) செய்து அனுப்பிவிடுவார்கள். அதற்கு முன் முன்பக்க டயர் இரண்டையும் இடம் வலமாக மாற்றிப் போட்டு ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே திசையில் சுழல வேண்டும் என்று அம்புக்குறி போட்ட டயர்களுக்கு மட்டும் இது பொருந்தாது. இழுக்கிற பக்கம் மாறினால் குறை டயரில். மாறாவிட்டால் அலைன்மென்ட், பிரேக் எல்லாம் பார்க்கலாம். அலைன்மென்ட் செய்தால், செய்வதற்கு முன்னும் பின்னும் உள்ள அளவுகளின் பிரின்ட் கட்டாயம் வாங்குங்கள்.

தண்ணீர் கசிவுதான் டீலர்கள் அதிகம் இழுத்தடிக்கிற குறை. இதைத் தீர்க்கப் பொறுமை வேண்டும். மழையே இல்லாமல் முன் சீட்டுப் பக்கம் ஈரம் என்றால் ஏசி தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கலாம். மழைக்குப் பிறகு என்றால் சன்ரூஃப் வடிகுழாய், கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் ஷீட், பின் விளக்கின் ரப்பர், கண்ணாடிக்குக் கீழே இலை சேர்ந்து அடைக்கும் இடம், தகடுகளின் இணைப்பில் சீலர் விட்டுப்போன இடம் என்று தேட வேண்டியிருக்கும். சோதிக்கும் முறை: உள்ளே ஒருவர் டார்ச்சோடு உட்கார, வெளியே ஒருவர் ஹோஸ் பைப்பில் மெதுவாகத் தண்ணீரைக் கீழிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு இடத்திலும் சில நிமிடம் நின்று, மேலே போக வேண்டும். மேலிருந்து ஆரம்பித்தால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்துவிடும், எங்கே நுழைகிறது என்று தெரியாது. வாட்டர் வாஷ் அழுத்தத்தில் அடித்தாலும் பயனில்லை. கசிவை அடைத்த பிறகு கார்ப்பெட்டைத் தூக்கிக் காய வைத்தார்களா என்று பாருங்கள். மேலே தொட்டால் காய்ந்திருக்கும், அடியில் உள்ள ஃபோம் வாரக்கணக்கில் நீரைப் பிடித்து வைத்திருக்கும். பல வண்டிகளில் ஏர்பேக், சீட் பெல்ட் ஒயரிங்கின் கனெக்டர்கள் சீட்டுக்கு அடியில்தான் ஓடுகின்றன. அவை பச்சை பிடித்தால் எப்போதோ ஒரு நாள் வார்னிங் லைட் எரியும். அதற்குள் வாரண்டி முடிந்திருக்கும்.

வார்னிங் லைட் எரிந்தால் ஓடோமீட்டரும் சேர்ந்து தெரிகிற மாதிரி உடனே போட்டோ எடுங்கள். பிறகு பேட்டரி ஒயரைக் கழற்றாதீர்கள், மலிவான ஸ்கேனரை மாட்டி, கம்ப்யூட்டரில் பதிவான குறைக் குறியீட்டை (எரர் கோட்) அழிக்காதீர்கள். குறை பதிவான நொடியில் என்ஜின் வேகம், வெப்பம், வண்டி வேகம் என்னவென்று வண்டியின் கம்ப்யூட்டர் அந்தக் குறியீட்டோடு சேர்த்துச் சேமித்து வைக்கிறது. அழித்தால் அதுவும் போய்விடும். எப்போதாவது வருகிற குறைக்கு மெக்கானிக்கிடம் இருக்கும் ஒரே சாட்சி பெரும்பாலும் அதுதான். சர்வீஸ் சென்டரிலும் அழிப்பதற்கு முன் ஸ்கேன் ரிப்போர்ட் பிரின்ட் கேளுங்கள். என்ஜின் லைட் விட்டு விட்டு மின்னினால் மட்டும் நிலைமை வேறு. சிலிண்டரில் எரியாத பெட்ரோல் வெளியே போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். வேகத்தைக் குறைத்து, ஓரமாக நிறுத்துங்கள். பிரேக் அல்லது ஸ்டியரிங்கில் குறை, எரிபொருள் வாடை, புகை என்றால் "மெதுவா ஓட்டிக்கிட்டு வந்துருங்க" என்று போனில் சொல்வதைக் கேட்கவே வேண்டாம். கட்டி இழுக்க வண்டி அனுப்பச் சொல்லுங்கள்.

"இந்த மாடலே இப்படித்தான்" என்பது அடிக்கடி வரும் பதில். சில நேரம் அது உண்மையும்கூட. அதைச் சோதிக்க நேர்மையான வழி, அதே மாடல், அதே என்ஜின், அதே டயர் அளவுள்ள வேறொரு வண்டியை அதே சாலையில் ஓட்டிப் பார்ப்பதுதான். அட்வைசரோடு போகாதீர்கள். மெக்கானிக்கோ ஃபோர்மேனோ பக்கத்தில் இருக்க வேண்டும். அந்த வண்டியில் சத்தம் இல்லையென்றால், ஒப்பிட்டுப் பார்த்ததையும் விடையையும் ஜாப் கார்டில் எழுத வையுங்கள். இருந்தால், இது இந்த மாடலின் இயல்பு என்று எழுதித் தரக் கேளுங்கள். எழுதித் தரத் தயங்கினால் மறுபடி தேடுவார்கள்.

இன்னும் வண்டியைக் கையில் வாங்காதவர்கள் ரிஜிஸ்ட்ரேஷனுக்கு முன்பே பகல் வெளிச்சத்தில், கழுவிய பிறகு, பாலிஷ் போடுவதற்கு முன் பார்த்துவிட வேண்டும். பதிவு ஆனபின் வண்டியை மாற்றித் தருவது டீலருக்குப் பெரிய தலைவலி, அதனால் பேச்சே மாறிவிடும். டயர் பக்கவாட்டில் உள்ள 4 இலக்கம் வாரமும் வருடமும்: 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஸ்பேர் டயரையும் சேர்த்துப் பாருங்கள். ஸ்டார்ட் செய்யாமல் நிறுத்தி வைத்த வண்டியின் பேட்டரி நன்றாக இருந்தால் சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதி காலி, அதை ஏற்றுக்கொள்ளத் தேவையில்லை. லாரியில், கப்பலில் வரும்போது டயரில் காற்றை அதிகமாக ஏற்றி அனுப்புவார்கள், சில மாடல்களில் ஸ்பிரிங்கில் அடைப்புக் கட்டையும் வைப்பார்கள். டெலிவரிக்கு முன் காற்றைக் குறைக்கவும் கட்டையை எடுக்கவும் மறந்தால் வண்டி கல் மாதிரிக் குதிக்கும். சஸ்பென்ஷன் குறை என்று சண்டை போடுவதற்கு முன் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவோடு காற்றை ஒப்பிடுங்கள்.

பெயின்ட்டில் எனக்கு ஒரு பிடிவாதமான கருத்து உண்டு. சின்னக் கீறலுக்காகப் புது வண்டியின் கதவை மறுபடி பெயின்ட் அடிக்கச் சம்மதிக்காதீர்கள். ஃபாக்டரியில் பிளாஸ்டிக், ரப்பர் எதுவும் மாட்டாத வெறும் உடலை ஏறத்தாழ 140 டிகிரி செல்சியஸில் சுடுகிறார்கள். பாடி ஷாப்பில் 60 டிகிரியைச் சுற்றித்தான் முடியும். இரண்டும் ஒன்றல்ல. பாலிஷில் போனால் போகட்டும், போகாத அளவு ஆழம் என்றால் வேறு வண்டி கேளுங்கள் அல்லது விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே யார்டில் இடிபட்டு அடித்திருக்கிறார்களோ என்ற சந்தேகத்துக்கு பெயின்ட் கனம் பார்க்கும் கருவி போதும். பொதுவாக ஃபாக்டரிப் பெயின்ட் 80 முதல் 180 மைக்ரான் வரை இருக்கும். ஒரு கதவு மட்டும் 300 காட்டினால் கேள்வி கேட்கலாம். பம்பர் பிளாஸ்டிக் என்பதால் அங்கே இந்தக் கருவி வேலை செய்யாது. போனட், ஃபெண்டர் போல்ட் தலையில் பெயின்ட் உரிந்து ஸ்பேனர் தடம் இருந்தால் ஏன் கழற்றினீர்கள் என்று கேளுங்கள்.

குறை தீரும்வரை வெளியில் ஒயரை வெட்டி ஹாரனோ லைட்டோ மாட்ட வேண்டாம். எலக்ட்ரிக்கல் குறை எதுவானாலும் பழி அதன் மேல் விழும். டீலரே மாட்டிய ஆக்சஸரி என்றால் எந்தப் பாகம், யார் மாட்டியது என்று டீலர் பில்லிலேயே இருக்கட்டும்.

ஒரே குறைக்கு இரண்டாம் தடவை போகும்போது கார்டில் "ரிப்பீட்" என்றும் முந்தைய ஜாப் கார்டு எண்ணையும் சேர்க்கச் சொல்லுங்கள். குறை தெரியவில்லை என்று திருப்பித் தந்தாலும், உள்ளே போன தேதி, வெளியே வந்த தேதி, கிலோமீட்டர், என்ன சோதித்தார்கள் என்பது உள்ள நகல் இல்லாமல் வண்டியை எடுக்காதீர்கள். அதற்குப் பிறகும் தீரவில்லையென்றால் சர்வீஸ் மேனேஜர், டீலர்ஷிப் தலைவர், கார் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவு மூன்றுக்கும் ஒரே மெயில் போடுங்கள். சேஸிஸ் எண், டெலிவரி தேதி, இன்றைய கிலோமீட்டர், அறிகுறி ஒரு வரி, ஜாப் கார்டு எண்கள் தேதியோடு, உங்கள் கோரிக்கை, பதில் வேண்டிய நாள். அவ்வளவு போதும். கோபமாக நான்கு பக்கம் எழுதினால் படிக்கிறவர் கண்ணில் குறை தென்படாது. கம்பெனியின் சொந்த இன்ஜினியர் வந்து வண்டியைப் பார்க்க வேண்டும் என்று தனியாகக் கேளுங்கள். பெரிய பாகம் மாற்ற அனுமதி அவர் கையில்தான் இருக்கும், டீலரே பல நேரம் அதற்காகக் காத்திருப்பார்.

சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. பிரிட்டனின் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டம், குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திருப்பித் தர உரிமை தருகிறது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் குறையுள்ள வண்டிகளுக்கான 'லெமன்' சட்டங்கள், ஒரே குறைக்கு எத்தனை தடவை முயன்றார்கள் அல்லது வண்டி மொத்தம் 30 நாள் ஒர்க்‌ஷாப்பில் கிடந்ததா என்று கணக்குப் பார்க்கின்றன. இந்தியாவின் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் குறையைக் கண்டறியச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பும் வழி இருக்கிறது. எந்த ஊர் அதிகாரி முன் போனாலும் முதலில் கேட்பது, எப்போது சொன்னீர்கள், எத்தனை தடவை வாய்ப்புக் கொடுத்தீர்கள் என்பதுதான். பதில் உங்கள் கையில் இருக்கும் கார்டுகள்.

சமாதானத்துக்கு இலவச சர்வீஸ், கூடுதல் வாரண்டி, ஆக்சஸரி என்று ஏதாவது தர முன்வருவார்கள். அந்தக் குறைபட்ட பாகத்துக்கு மட்டும் வாரண்டியை நீட்டித் தருவதாக இருந்தால் நல்ல பேரம்தான், கம்பெனி பெயரில் எழுத்தில் வந்தால். கூடவே நீட்டும் தாளில் "முழுத் திருப்தி, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரி இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அடித்துவிட்டு, "இந்தக் குறை மறுபடி வந்தால் புகார் தொடரும்" என்று எழுதி, அதன் கீழே கையெழுத்துப் போடுங்கள்.